அனுப்பி வைக்கிறேன்

மார்ச் 4, திங்கள்

குடியேற்ற அலுவலகத்திலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்துவிட்டது. ஏப்ரல் மூன்றாம் தேதி காலை, இரண்டு பேரும் அசல் சான்றிதழ்களோடு வர வேண்டுமாம். அக்கா வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டபோதுதான் என் வீட்டுக்காரர் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார்.

"வெள்ளிக்கிழமையே வந்துச்சு. ரெண்டு நாள் நிம்மதியா இருக்கட்டும்னுதான் சொல்லல" என்றார். பிறகு ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய்விட்டார்.

அக்கா மகள் நேயா இன்னும் எழுந்திருக்கவில்லை. சனி ஞாயிறு சேர்ந்த பாத்திரங்களைக் கழுவி அடுக்கினேன். பாலைக் காய்ச்சினேன். நேயாவின் துணிகளைத் தனியாக இயந்திரத்தில் போட்டேன். அவளுக்குத் தோல் சிவந்துவிடும் என்பதால் அவளுடைய சோப்பு வேறு.

நடந்ததை வரிசையாக மனதில் வைத்துக்கொள், பதற்றத்தில் முன்னே பின்னே ஆகிவிடும் என்று வக்கீல் லலிதா மேடம் சொல்லியிருக்கிறார். எழுதிப் பார்த்தால்தான் எனக்கு எதுவும் நிற்கும். எழுதுகிறேன்.

செண்பகவல்லி. ஊர் கோவில்பட்டி. அப்பா பஸ் டெப்போவில் மெக்கானிக். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். பி.எஸ்ஸி. கணிதம். மூன்று வருஷமும் திருநெல்வேலியில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்தேன். பெரியம்மா மகள் கோமதி அக்காவுக்கு இங்கே நியூ ஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலை. அக்காவுக்குப் பிரசவ நேரம் வந்தபோது பெரியம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன். அதனால் நான் வந்தேன். ஆறு மாதத்துக்கு, வருகையாளர் விசாவில். பி.எட். சேர இடம் கிடைத்திருந்தது. ஆறு மாதம்தானே என்று எல்லோரும் சொன்னார்கள். நேயாவுக்கு அடுத்த மாதம் இரண்டு வயது.

கெடு தாண்டித் தங்கிவிட்டேன். இந்த நாட்டுக் குடிமகனைக் கட்டிக்கொண்டவர்களுக்கு அதை மன்னித்து நிரந்தரமாகத் தங்கும் அட்டை தருவார்கள், கல்யாணம் நிஜம் என்று நம்பினால். நம்பாவிட்டால் ஊருக்குப் போக வேண்டும். போனால் பத்து வருஷம் திரும்ப முடியாது. அவர் குடிமகன். நர்ஸ் வேலைக்கு வந்த அம்மாவோடு தென்காசியிலிருந்து பள்ளிக்கூட வயதில் வந்தவர். அம்மா இப்போது இல்லை. போன வருஷம் எங்களுக்குக் கல்யாணம் ஆனது.

திங்கள் முதல் வெள்ளி வரை நான் அக்கா வீட்டில். வெள்ளி சாயங்காலம் அவர் வந்து கூட்டிப்போவார். நேயாவைப் பார்த்துக்கொள்ள வேறு ஏற்பாடு ஆகிறவரைக்கும் என்று பேச்சு.

மார்ச் 6, புதன்

நேயாவுக்குச் சளி. எனக்கும்.

மார்ச் 9, சனி

அவர் வீடு. உப்பு ஜாடி வைத்த இடத்தில் இல்லை. அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"உப்பு எங்க இருக்குங்க?"

"உன் வீட்டுல உப்பு எங்கன்னு என்ட்ட கேக்கியே" என்று சிரித்தார். பிறகு தேடிப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. கடைசியில் காப்பித் தூள் டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. வைத்தது நான்தான், போன ஞாயிறு.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் எழுந்தேன். எங்கோ வெளியே போகலாம் என்று சட்டை மாற்றி வைத்திருந்தார் போல. நான் எழுந்து வந்தபோது அதே சட்டையோடு சோபாவில் உட்கார்ந்து, சத்தத்தைக் குறைத்து வைத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுப்பியிருக்கலாம்ல?"

"எழுப்புனேன். 'நேயா, ரெண்டே நிமிஷம்டி'ன்ன."

மார்ச் 14, வியாழன்

இரவுச் சாப்பாட்டுக்கு முன் வக்கீல் மேடம் போன் செய்தார். அத்தான் ஸ்பீக்கரில் போட்டார்.

"செண்பகம், நீங்க தங்குற காலத்த நீட்டிக்க மனு போட்டதா அக்கா சொன்னாங்களே, அதோட ரசீது காப்பி ஒண்ணு வேணும். அவங்க கேட்டாலும் கேப்பாங்க."

அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா நேயாவின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான போடுதேன்னீங்க?" என்றாள் அக்கா.

"நீதான கோமு, அவசரம் இல்ல, அப்புறம் பாத்துக்கிடலாம்னே."

"போடலைன்னா போடலைன்னே சொல்லிக்கலாம். அதனால கேஸ் கெடாது. இல்லாதத இருக்குன்னு மட்டும் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு மேடம் வைத்துவிட்டார்.

முதல் ஆறு மாதம் முடிந்த அந்தச் செப்டம்பரில் நான் பெட்டியைக் கட்டி வாசலறையில் வைத்திருந்தேன். அப்பாவுக்கு ஒரு டார்ச் லைட், தெருப்பிள்ளைகளுக்குச் சாக்லேட். "மனு போட்டாச்சுட்டி, இன்னும் ஆறு மாசம் இருக்கலாம், பெட்டியப் பிரி" என்று அக்கா சொன்னாள். பிரித்தேன். சாக்லேட்டை நாங்களே சாப்பிட்டோம்.

சப்பாத்திக்கு மாவு பிசைந்தேன். தண்ணீர் கூடிவிட்டது. இன்னும் கொஞ்சம் மாவு போட்டு, மறுபடி கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, கடைசியில் வேண்டியதற்கு இரண்டு மடங்கு ஆகிவிட்டது.

மார்ச் 24, ஞாயிறு

அக்கா வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் சாப்பாடு. அதன் பிறகு அத்தான் அதிகாரியாக உட்கார்ந்து ஒத்திகை நடத்தினார். கழுத்தில் அலுவலக அட்டையை வேறு மாட்டிக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரரு எந்தப் பக்கம் படுப்பாரு?"

எனக்குக் காது சூடானது. "சுவர்ப் பக்கம்" என்றேன்.

"ஷங்கர், நீங்க சொல்லுங்க."

"சுவர்ப் பக்கம்தான். ஆனா காலையில பாத்தா கீழ கிடப்பேன்" என்றார் அவர். அக்கா வாய்விட்டுச் சிரித்தாள்.

"ரெண்டு பேரும் எங்க குடியிருக்கீங்க?" என்று அடுத்துக் கேட்டார் அத்தான். நான் யோசித்தேன். "யோசிக்கப்பிடாது. ஷங்கர் வீட்டுல. ஏழு நாளும். ஆவணியில தாலி கட்டுன அன்னையில இருந்து. இதுதான் பதில். மாத்திச் சொன்னா நம்ம எல்லாரும் தொலைஞ்சோம்."

"அது..." என்று இழுத்தார் அவர்.

"ஒரு வார்த்தைதான ஷங்கர். நேயாவுக்கு டே-கேர் கிடைக்கவும் அது உண்மையாவே ஆயிரும்ல."

டே-கேர் தேடுவதாக ஒரு வருஷமாகச் சொல்கிறார்கள். நான் பாயசக் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

என் பாஸ்போர்ட், தொலைந்துவிடக் கூடாது என்று அக்கா தன் அலமாரியில் வைத்திருந்தாள். கேட்டு வாங்கிக்கொண்டேன். நாளைக்கு நீலப் புடவை. அக்கா மெரூன் கட்டச் சொல்கிறாள். நீலம்.

ஏப்ரல் 3, புதன்

முடிந்தது. எப்படி முடிந்தது என்று தெரியவில்லை.

அதிகாரி ஒரு அம்மா. கண்ணாடியைச் சங்கிலியில் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். சத்தியம் வாங்கிக்கொண்டு உட்காரச் சொன்னார். வக்கீல் மேடம் ஓரமாக உட்கார்ந்தார். அந்த அம்மா மெதுவாகத்தான் பேசினார். எனக்கு ஆங்கிலம் புரிந்தது. முதல் கேள்வி எனக்கு. எப்போது கல்யாணம் ஆனது?

"ஆகஸ்ட் இருபது" என்றேன்.

அவரும் உதவி செய்வதாக நினைத்து அதே நேரத்தில் "ஜூலை இருபத்தொண்ணு" என்றார்.

அந்த அம்மா பேனாவை நிறுத்தினார்.

இரண்டும் சரிதான். ஜூலையில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டோம், மனுவைச் சீக்கிரம் தாக்கல் செய்ய வேண்டும் என்று வக்கீல் சொன்னதால். ஆனால் அது ஆடி மாதம். ஆடியில் யார் கல்யாணம் செய்வார்கள்? ஆவணி பிறந்து வளர்பிறை ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தாலி கட்டினார். கல்யாணம் எப்போது என்று உலகத்தில் யார் கேட்டாலும் நான் ஆவணியைத்தான் சொல்வேன். சான்றிதழில் இருப்பது ஜூலை என்று தெரிந்தும் வாயில் ஆவணிதான் வந்தது.

அவர் ஆடி மாதத்தை ஆங்கிலத்தில் விளக்கினார். அந்த மாதம் நல்ல காரியம் செய்வதில்லை, புதிதாகக் கட்டிக்கொண்டவர்களைக்கூடப் பிரித்து வைப்பார்கள் என்றார்.

"யார் பிரித்து வைப்பார்கள்?" என்று அந்த அம்மா கேட்டார்.

அவர் யோசித்துவிட்டு "எல்லாரும்" என்றார்.

"அப்படியானால் கையெழுத்துப் போட்ட அன்று சாயங்காலம் உன் மனைவி எங்கே போனாள்?"

"அவங்க அக்கா வீட்டுக்கு."

"ஆகஸ்டுக்குப் பிறகு?"

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் நான் சொல்லிவிட்டேன், திங்கள் முதல் வெள்ளி வரை அக்கா வீடு, சனி ஞாயிறு இவர் வீடு என்று. ஏன் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. சத்தியம் செய்திருந்தோம் என்பது ஒரு காரணம். அது மட்டும்தானா என்று கேட்டால் தெரியாது. வக்கீல் மேடம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அப்படி?"

"குழந்தை இருக்கிறது."

"யாருடைய குழந்தை?"

"அக்காவுடையது."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். சங்கிலியில் அது ஆடியது. "உனக்கு அங்கே இருக்க விருப்பமா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு அத்தான் ஒத்திகை தரவில்லை. பரவாயில்லை என்றேன்.

முடிவு தபாலில் வருமாம்.

ஏப்ரல் 4, வியாழன்

"ஏட்டி, இந்த வீட்டுல ரெண்டு வருஷமா உனக்கு வாயே கிடையாது. சாம்பாருக்கு உப்பு பத்தலன்னாகூடச் சொல்ல மாட்ட. அங்க போயா வாய் முளைச்சிச்சு?"

அக்கா சொன்னது சரிதான். சாம்பாருக்கு உப்பு பற்றாதபோது நான் சொன்னதில்லை.

"உனக்காகத்தான இவ்வளவும் பண்ணுதோம்? உங்க அத்தான் எத்தன நாள் லீவு போட்டாரு, வக்கீல் வீட்டுக்கு எத்தன நடை! படிச்ச புள்ளதான நீ? ஒரு பதில மனப்பாடம் பண்ண முடியல."

நேயா என் முதுகில் ஏறிக்கொண்டு "சித்தி அழு, சித்தி அழு" என்றாள். அழுகிறாள் என்று சொல்ல அவளுக்கு இன்னும் வராது. நான் அழவில்லை.

"பாஸ்போர்ட்டக் குடு, உள்ள வைக்கேன்."

"அவருட்ட இருக்குக்கா" என்றேன். என் கைப்பையில் இருந்தது.

ஏப்ரல் 12, வெள்ளி

அக்கா நேரடியாகப் பேசுவதில்லை. "சித்திட்ட தோசை ஊத்தச் சொல்லு" என்று நேயாவிடம் சொல்கிறாள். நேயா வந்து "தோச" என்கிறாள். ஊற்றுகிறேன்.

ஏப்ரல் 20, சனி

இரண்டாவது நேர்முகம். ஜூன் பதினொன்று. இந்த முறை எங்களைத் தனித்தனி அறையில் வைத்து ஒரே கேள்விகளைக் கேட்டு, பதில்களை ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். வக்கீல் மேடம் போனில் வளைக்காமல் சொன்னார்:

"ஊர்ல உலகத்துல எங்க வேணா புருஷன் பொண்டாட்டி தனியா இருக்கலாம். உங்களால முடியாது. நாளைக்கே ஒரு வீட்டுக்குப் போங்க. காகிதத்துக்காக இல்ல, நிஜமாவே."

அவர் என்னைப் பார்த்தார். "உனக்குச் சரியா?" என்றார். தலையாட்டினேன். அக்காவிடம் யார் சொல்வது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் போனது. அவர் குளியலறைக் குழாயைக் கழற்றிப் பழுதுபார்க்க ஆரம்பித்துவிட்டார். அது நன்றாகத்தான் இருந்தது. பிறகு நானே போன் செய்தேன்.

"அக்கா, ஆபீஸ்ல சொல்லிட்டாங்க, நான் இங்கயேதான் இருக்கணுமாம்."

வக்கீல் சொன்னதை அலுவலகம் சொன்னதாக மாற்றிச் சொன்னேன். அலுவலகத்தோடு அக்கா வாதாட மாட்டாள்.

"அவங்க சொன்னா என்ன செய்ய முடியும்?" என்றாள் அக்கா. குரல் இறங்கிவிட்டது. "ஜூன் வரைக்கும்தான?"

"ம்" என்றேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

பெட்டியை எடுத்து வந்தாயிற்று. ஊரிலிருந்து கொண்டு வந்த அதே பெட்டி. ஒரு சக்கரம் மட்டும் இல்லை. நேயா தன் செருப்பை மாட்டிக்கொண்டு காரில் ஏற வந்தாள். அத்தான் தூக்கிக்கொண்டு போனார்.

மே 6, திங்கள்

எழுந்தபோது மணி பத்து. பதறி எழுந்து உட்கார்ந்து நேயாவின் பால் புட்டியைத் தேடினேன். அவர் எப்போதோ வேலைக்குப் போயிருந்தார். மேஜையில் ரொட்டி மூடி வைத்திருந்தது.

மறுபடியும் படுத்துத் தூங்கினேன். ஒரு வாரமாக இப்படித்தான். வேலை செய்துகொண்டிருந்தபோது இவ்வளவு அசதி தெரியவில்லை. அவர் தன் ஆஸ்பத்திரியிலேயே என் ரத்தத்தைச் சோதிக்க ஏற்பாடு செய்தார். இரும்புச்சத்து ரொம்பக் குறைவு. "இத வச்சுக்கிட்டா அந்த மாடிப்படியில புள்ளையத் தூக்கிட்டு ஏறி இறங்குன?" என்றார். அந்தக் காகிதத்தை நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 15, புதன்

அத்தான் ஆபீஸிலிருந்து போகிற வழியில் வந்தார். என் வேலை அனுமதி அட்டையைக் கொடுத்தார். ஜனவரியில் வந்த அட்டை. அதுவும் அக்காவின் அலமாரியில்தான் இருந்தது. நான் கேட்டிருந்தேன், இரண்டு முறை.

"காப்பி குடிச்சிட்டுப் போங்கத்தான்."

"இல்லம்மா." செருப்பைக் கழற்றவே இல்லை. "நான் குடுத்தேன்னு உங்க அக்காட்டச் சொல்லாத. தேடுனா தேடட்டும்."

பாவமாக இருந்தது. அந்த வீட்டில் வாயில்லாத ஆள் நான் மட்டும் இல்லை.

மே 22, புதன்

ரசத்தில் பெருங்காயம் போட மறந்தேன். அவர் மூன்று முறை ஊற்றிக்கொண்டார். எதையும் எப்படிக் கண்டுபிடிப்பது இந்த மனிதரிடம்?

ஜூன் 1, சனி

பள்ளிக்கூடத்தில் கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற வேலை ஒன்று நூலகப் பலகையில் ஒட்டியிருந்தது. வாரத்தில் நான்கு நாள், மத்தியானம். எண்ணைக் குறித்துக்கொண்டேன். போன் செய்யவில்லை. ஜூன் முடியட்டும். ஜூன் முடிந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியவில்லை.

ஜூன் 8, சனி

இன்று மளிகைக் கடைக்கு வெளியே, கார்கள் நிறுத்தும் இடத்தில், எனக்கும் அவருக்கும் சண்டை. எனக்கும் அவருக்கும் என்று எழுதுவது தவறு. சண்டை போட்டவள் நான்.

அக்கா அவருடைய போனுக்கு அழைத்திருந்தாள். நான் தள்ளுவண்டியிலிருந்து அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தேன். அக்கா சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அவர் சொன்னதுதான் கேட்டது.

"சரிங்கக்கா... ஆமாக்கா, செவ்வாக்கெழம முடிஞ்சிரும்... சரிங்கக்கா, அடுத்த திங்கள்ல இருந்து அனுப்பி வைக்கேன்."

அரிசி மூட்டையைக் கீழே வைத்துவிட்டேன்.

"என்ன சொன்னீங்க?"

"உங்க அக்காதான். புள்ள ஏங்கிப்போச்சாம். அதான்..."

"அனுப்பி வைக்கேன்னீங்களே. நான் என்ன பார்சலா?"

அதற்குப் பிறகு நான் பேசியதை எல்லாம் எழுத வெட்கமாக இருக்கிறது. பெரியம்மா அனுப்பி வைத்தாள், வந்தேன். அக்கா பெட்டியைப் பிரி என்றாள், பிரித்தேன். கையெழுத்துப் போடு என்றார்கள், போட்டேன். என்னை யாராவது கேட்டார்களா? அந்த ஆபீஸ் அம்மா ஒருத்திதான் கேட்டாள். அதற்கும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்படிப் போனது பேச்சு. பக்கத்துக் காரில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு குஜராத்தி அம்மா நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தாள். அவர் தள்ளுவண்டியைத் திருப்பி விடப் போனார். அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. பின்னாலிருந்து கத்தினேன். அவர் நின்றார். திரும்பி வந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

தயிர் டப்பா காரிலேயே கிடந்து புளித்துவிட்டது.

ஜூன் 9, ஞாயிறு

பேசவில்லை. சாப்பிட்டோம். இரண்டு பேருமே சமைத்ததால் பொரியல் இரண்டு.

ஜூன் 11, செவ்வாய்

அதே அம்மா, அதே சங்கிலிக் கண்ணாடி. அவரை முதலில் அழைத்துப் போனார்கள். நான் வெளியே நாற்காலியில். அவர் உள்ளே போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் சனிக்கிழமையிலிருந்து சரியாகப் பேசிக்கொள்ளாதவர்கள். கல்யாணம் நிஜம் என்று நிரூபிக்கப் போகிற நாள் இது. சிரிப்பு வந்தது, அழுகையும்.

எனக்கு இந்த முறை மொழிபெயர்ப்பாளர் கேட்டிருந்தோம். போன் வழியாக ஒரு பெரியவரின் குரல் வந்தது. யாழ்ப்பாணத் தமிழ். அந்தப் பேச்சைக் கேட்டதும் கொஞ்சம் தைரியமாக இருந்தது.

படுக்கை விரிப்பின் நிறம். அவர் காலையில் என்ன சாப்பிடுவார். குளியலறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும். குப்பை எடுக்க எந்தக் கிழமை வருவார்கள். ஒவ்வொன்றுக்கும் சொன்னேன். பிறகு அந்த அம்மா ஏதோ கேட்டார். போனில் பெரியவர் சொன்னார்:

"அம்மா, நீங்களும் உங்கட கணவரும் கடைசியா எப்ப சண்டை பிடிச்சனீங்கள்? என்னத்துக்கு எண்டு கேக்கினம்."

சண்டையே இல்லை என்று சொல்லாதே, சின்னதாக ஏதாவது சொல், டிவி ரிமோட் மாதிரி, என்று அத்தான் எப்போதோ சொல்லியிருந்தார். நான் மளிகைக் கடையைச் சொன்னேன். அக்காவின் போனை, அனுப்பி வைக்கிறேன் என்றதை, பார்சலை. பெரியவர் மொழிபெயர்க்க இடைவெளி விடக்கூட மறந்துவிட்டேன். "கொஞ்சம் பொறுங்கோ பிள்ளை, நான் சொல்லி முடிக்கிறன்" என்றார் ஒரு முறை.

அந்த அம்மா முன்னாலிருந்த தாளைப் பார்த்தார். "அவர் நடந்து போனபோது நீ அவரை என்னவென்று கூப்பிட்டாய்?"

"ஒன்றும் கூப்பிடவில்லை. கத்தினேன், அவ்வளவுதான்."

"பெயர் சொல்லிக் கூப்பிடவில்லையா?"

"இல்லை. நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன். ஒரு நாளும் கூப்பிட்டதில்லை."

அந்த அம்மா வக்கீல் மேடத்தைப் பார்த்தார். மேடம் என்னைப் பார்த்தார். பதில் பொருந்தவில்லை. இவ்வளவு தூரம் வந்து, ஒரு வார்த்தையில் போயிற்று.

அந்த அம்மா தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், எழுத்து எழுத்தாகக் கஷ்டப்பட்டு வாசித்தார். "ச-ங்-க-ர-பா-ண்-டி-ய-ன்."

கையால் முகத்தை மூடிக்கொண்டேன். அந்த நொடியில்தான் எனக்கு அது காதில் கேட்டது, என் குரலில், அந்தக் கார்களுக்கு நடுவில். அது என் வாயிலிருந்துதான் வந்திருக்கிறது. எழுதும்போதுகூட நினைவுக்கு வராமல் எங்கே ஒளிந்துகொண்டது?

"அவர் சொல்கிறார், இந்த நாட்டில் தன் முழுப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லையாம்" என்றார் அந்த அம்மா. போனில் பெரியவர் அதைத் தமிழில் சொல்லிவிட்டு, தன் பங்குக்கு மெல்லக் கனைத்துக்கொண்டார்.

"கூப்பிட்டேன்" என்றேன். "மன்னிக்கணும். கூப்பிட்டேன்."

அந்த அம்மா எதையோ எழுதினார். சிரித்தாரா என்று தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

காரில் ஏறி, பெல்ட் போட்டு, வெகுநேரம் அவர் வண்டியைக் கிளப்பவில்லை.

"சண்டையச் சொன்னியா?" என்றார்.

"சொன்னேன். நீங்க?"

"சொன்னேன். தப்பு யாரு மேலன்னு கேட்டாங்க. என் மேலன்னேன்."

"நான் நெசமாவே பேரச் சொல்லியா கத்துனேன்?"

"முழுப்பேரு. ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எடுக்க மாதிரி. அந்தக் குஜராத்திம்மா என்னப் பாத்து, போ போ, கூப்பிடுதாங்கன்னு கையக் காட்டுச்சு." ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார். "செம்பா, நீதான் அங்க போக ஆசைப்படுதன்னு நெனச்சேன். புள்ள மேல உனக்கு உசிரு. ஒரு வெள்ளிக்கெழமகூட, இனி அங்க வேண்டாம்னு நீ சொன்னதில்ல."

"நீங்க ஒரு திங்கக்கெழமகூட போகாதன்னு சொன்னதில்ல."

அவர் வண்டியைக் கிளப்பினார்.

ஜூன் 17, திங்கள்

அக்காவுக்கு நானே போன் செய்தேன். முடிவு வரும்வரை இங்கேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

அட்டை வந்துவிட்டது. கனமே இல்லை. என் படத்தில் கண் பாதி மூடியிருக்கிறது. இரண்டு வருஷத்துக்கான அட்டை. கல்யாணம் புதிது என்பதால், இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்றார் வக்கீல் மேடம். மறுபடியும் போட்டோ, மறுபடியும் விரல் ரேகை. சரி.

அப்பாவுக்குப் போன் செய்தேன். "அப்ப இனிமே பயம் இல்லையேம்மா?" என்று மூன்று முறை கேட்டார். பொங்கலுக்கு வருவேன் என்றேன். அப்பா போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார். அம்மா அழுதாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். தூக்கம்தான் வந்தது.

ஜூலை 5, வெள்ளி

காலையில் அந்தக் கணக்கு வேலைக்குப் போன் செய்தேன். புதன்கிழமை வந்து பார்க்கச் சொன்னார்கள்.

சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். அவரும் மேஜையில் எதிரே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அட்டை வந்துட்டாமே, உங்க அத்தான் சொன்னாரு. என்ட்ட நீ சொல்லல பாத்தியா. சரி போ. நல்லபடியா முடிஞ்சிச்சுல்ல, அது போதும். இனி யாரு வந்து கேக்கப் போறா? திங்கக்கெழம காலையில வந்துரு. நீ போனதும் சேத்த டே-கேர்ல புள்ள ஒரு வாய் திங்க மாட்டேங்கா."

நேயா சாப்பிடவில்லை என்றதும் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். கத்தியை வைத்துவிட்டு, என்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு வருஷம். இரண்டு வருஷம் கழித்து மறுபடி கேட்பார்கள், ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லச் சொல்கிறார். நல்ல காரணம். பொய்யும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு அக்காவால் ஒன்றும் சொல்ல முடியாது. விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஏட்டி, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்க்கா. நான் வரல."

"ஏன், அந்த ஆபீஸ்ல இன்னும் ஏதும் சொல்லுதாங்களா?"

"அவங்க ஒண்ணும் சொல்லலக்கா. எனக்கு அங்க வந்து இருக்க இஷ்டமில்ல."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. ஒன்று. இரண்டு. அக்கா போய் அடுப்பை அணைக்கவில்லை.

"எங்க வீட்டுல தின்னு படிச்ச புள்ளட்டி நீ" என்றாள் கடைசியில்.

"ஆமாக்கா" என்றேன். அது உண்மைதான். அதற்கு மேல் அதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அக்கா வைத்துவிட்டாள்.

அவர் பீன்ஸை என் பக்கம் தள்ளினார். நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டேன். அவர் நறுக்கியது எல்லாம் ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளம்.

ஞாயிற்றுக்கிழமை நேயாவைப் பார்க்கப் போகலாம் என்றேன். அவள் சாப்பிடுவதற்குப் பருப்பு சாதம் நானே செய்து கொண்டுபோக வேண்டும். அக்கா கதவைத் திறப்பாளா தெரியாது. திறந்தால் உட்கார்ந்து ஊட்டிவிட்டு, சாயங்காலம் திரும்பிவிடுவோம்.